தலதா மாளிகைக்குப் போகும் மகனுக்கு

களுவாஞ்சிக்குடி

அன்பு மகன்,

ஓகஸ்டில் வந்து நிற்கும்போது கண்டி தலதா மாளிகைக்கும் போகவேண்டும், உன்னோடு வேலை செய்கிறவரும் கூட வருவார் என்று எழுதியிருந்தாய். அப்படியானால் வெளிக்கிட முதலே எல்லோருக்கும் ஒன்றைச் சொல்லி வை. அங்கே வைத்துப் போற்றுகிற புத்தருடைய பல்லைக் காண முடியாது. அது இருக்கிற பொற்பேழையைத்தான் காணலாம், அதுவும் கதவு திறக்கிற நேரத்தில் சில விநாடி மட்டும். பல்லையே வெளியில் வைத்து மக்களுக்குக் காட்டுவது எப்போதாவதுதான் நடக்கும். 2009க்குப் பிறகு 2025 ஏப்ரல் 18 முதல் 27 வரை காட்டினார்கள், அந்த நாட்களில் கண்டிக்குள் கால் வைக்க இடமில்லை. இது தெரியாமல் போகிறவர்கள் தங்கக் கோபுரம் ஒன்றைத் தூரத்தில் கண்டுவிட்டு, "இதற்கா இவ்வளவு நேரம் நின்றோம்" என்று இறங்கி வருவார்கள். மண்டூர் முருகன் கோயிலில் திரைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று நாம் யாரும் எட்டிப் பார்ப்பதில்லைத்தானே. அந்த மனதோடு போனால் ஏமாற்றம் இராது.

பேழை ஒன்றல்ல, ஏழு. தாதுகோபுர (ஸ்தூபி) வடிவில் ஒன்றுக்குள் ஒன்றாக வைத்திருக்கிறார்கள். வெளியில் நாம் காணும் பெரிய பேழையில் அரசர்களும் அடியார்களும் கொடுத்த சங்கிலிகளும் மணிகளும் தொங்கும். கதவு திறந்ததும் கண் கூசுகிற மாதிரி ஒரே மஞ்சள் ஒளியாகத்தான் தெரியும். அடுக்கடுக்கான அந்த வடிவமும் உச்சியும் பிடிபட இரண்டு மூன்று விநாடி போய்விடும், அதற்குள் பின்னால் நிற்பவர்கள் தள்ளிவிடுவார்கள். அதனால் வரிசையில் நிற்கும்போதே பிள்ளைகளுக்கு எதைப் பார்க்கவேண்டும் என்று சொல்லிக் கொடு. போனைத் தூக்கிப் பிடித்தால் அந்த விநாடியும் வீண்.

ஒரு நாளைக்கு மூன்று பூசை. காலை 5.30, 9.30, மாலை 6.30. கீழே மேளம் தொடங்கியவுடன் மேலே கதவு திறக்கும் என்று நினைக்காதே. பிக்குமார் உள்ளே போய்ச் செய்யவேண்டியதைச் செய்து முடித்த பிறகுதான் சனத்தை விடுவார்கள். மேளம் கேட்டபிறகு வாசலுக்கு ஓடி வருகிறவன் வரிசையின் வாலில்தான் நிற்பான். பூசை முடிந்து கதவு சாத்தினால் அடுத்த பூசை வரைக்கும் மூடிய கதவைத்தான் கும்பிடலாம். பதினொரு மணிக்கு வந்திறங்குகிற சுற்றுலாக்காரரில் பாதிப்பேருக்கு இதுதான் நடக்கிறது. பூசைக்கு முக்கால் மணித்தியாலம் முன்னதாக வரிசையில் நிற்கிற மாதிரிக் கணக்குப் பண்ணு. சின்னப் பிள்ளைகளோடு போகிறபடியால் காலை 5.30 பூசைதான் என் தெரிவு. வெள்ளண எழுப்புவது கஷ்டம்தான், ஆனால் வெயில் இல்லை, பள்ளிக்கூடச் சுற்றுலா பஸ்கள் வந்து சேர்ந்திராது, கல்லும் குளிர்ந்திருக்கும். அதற்கு முதல் நாள் இரவு கண்டியிலேயே தங்கவேண்டும்.

பௌர்ணமி நாளைத் தவிர்த்துவிடு. சனி, ஞாயிறும் வேண்டாம். புதன்கிழமை காலைப் பூசையில் நானுமுர என்று மூலிகையும் வாசனைப் பூக்களும் கலந்த நீரால் நீராட்டுச் சடங்கு ஒன்று உண்டு. அந்த நீர் நோய் தீர்க்கும் என்ற நம்பிக்கையில் வாங்கிப் போக வருவார்கள். உனக்கு அது வேண்டுமென்றால் புதன் போ, இல்லாவிட்டால் செவ்வாயோ வியாழனோ நல்லது. எசல பெரஹரா என்ற ஊர்வலத் திருவிழாவும் ஓகஸ்டை ஒட்டித்தான் வரும், சந்திரனைப் பொறுத்து நாள் மாறும். ஐந்து இரவு கும்பல் பெரஹரா, ஐந்து இரவு ரந்தோலி பெரஹரா. அந்த நாட்களில் தங்குமிட வாடகை தாறுமாறாக ஏறும், பின்னேரத்தோடு வீதிகளை மூடிவிடுவார்கள். இன்னொன்று, ஊர்வலத்தில் யானைமேல் போகிற பேழைக்குள் அந்தப் பல் இல்லை, அது மாளிகையை விட்டு வெளியே வருவதில்லை. யானையும் தீப்பந்தமும் ஆட்டமும் பார்க்கத்தான் ஆசை என்றால் பெரஹராவுக்குப் போ. மாளிகைக்குள் அமைதியாகக் கும்பிடவேண்டும் என்றால் அது முடிந்த அடுத்த கிழமை போ. இரண்டையும் ஒரே நாளில் முடிக்கலாம் என்று மட்டும் நினைக்காதே.

இங்கிருந்து போகும்போது செங்கலடியில் திரும்பி கரடியனாறு, மகா ஓயா, பதியத்தலாவை, மகியங்கனை வழியாகப் போங்கள். ஐந்து ஆறு மணித்தியாலம் பிடிக்கும். மகா ஓயாவில் வெந்நீர்க் கிணறுகள் உண்டு, கால் நனைத்துவிட்டுப் போகலாம். மகியங்கனைத் தாதுகோபுரத்திலும் கொஞ்சம் நின்று போங்கள், புத்தர் முதன்முதலாக இலங்கைக்கு வந்த இடம் என்று பௌத்தர்கள் போற்றும் தலம் அது. அதைத் தாண்டியதும் மலை ஏற்றம், பதினெட்டு வளைவு. சின்னவளுக்குக் காரில் வயிற்றைப் பிரட்டும் என்று மருமகள் சொன்னது நினைவிருக்கிறது. மகியங்கனையில் அவளுக்கு வயிறு முட்டச் சாப்பாடு கொடுக்கவேண்டாம். முன்சீற்றில் இருத்தி, கண்ணாடியை இறக்கிவிட்டு, கையில் ஒரு தேசிக்காயைக் கொடு. உன்னசுகிரியாவுக்கு ஏறிவிட்டால் பிறகு கரைச்சல் இல்லை.

உடுப்பில் கவனம். தோளும் முழங்காலும் மூடியிருக்கவேண்டும், இது ஆண்களுக்கும்தான். வெள்ளை கட்டாயமில்லை, ஆனால் வெள்ளையோ வெளிர் நிறமோ போட்டால் மரியாதை. மெல்லிய துணியும் இறுக்கமான காற்சட்டையும் வேண்டாம். தோளில் ஒரு சால்வையைப் போட்டுச் சமாளிக்கலாம் என்று வருகிற பெண்களைச் சில காவலர்கள் விடுவார்கள், சிலர் திருப்பி அனுப்புவார்கள். உன் நண்பருடைய உடம்பில் புத்தர் படம் எதுவும் பச்சை குத்தியிருக்கிறதா என்று இப்போதே கேட்டுக்கொள். 2014இல் ஒரு பிரித்தானியப் பெண்ணை அதற்காகவே நாட்டை விட்டு அனுப்பினார்கள். சிலைக்கு முதுகைக் காட்டி நின்று படம் எடுக்கவும் கூடாது.

வாசலில் சோதனை கடுமையாக இருக்கும், ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனி வரிசை. 1998 ஜனவரி 25ஆம் திகதி வாசலில் புலிகளின் லொறிக் குண்டு வெடித்து ஆட்கள் செத்தார்கள், கட்டிடமும் உடைந்தது. மாளிகைக்கு முன்னால் போன வீதியை வாகனங்களுக்கு மூடியதும் அந்தக் காரணத்தால்தான். பிள்ளைகள் கேட்டால் மறைக்காமல் சொல். நீங்கள் தமிழில் கதைப்பதை யாரும் குறையாக எடுக்கமாட்டார்கள், குரலைத் தாழ்த்திக் கதைத்தால் போதும். கையில் ஒரு சின்னப் பைக்கு மேல் கொண்டுபோகாதே. கடவுச்சீட்டை எடுத்துக்கொள், வெளிநாட்டுக் கடவுச்சீட்டுக்காரருக்கு ரிக்கெற் உண்டு. சப்பாத்தைக் கொடுக்கிற இடத்தில் எல்லாருடையதையும் ஒரு பையில் கட்டி ஒரே இலக்கமாகக் கொடு. வழியில் யாராவது வந்து "இன்றைக்கு விசேட பூசை, நான் குறுக்கு வழியில் கூட்டிப் போகிறேன்" என்றால் காது கொடுக்காதே. குறுக்கு வழி கிடையாது.

பூ வாங்கு. வாசல் கடைகளில் தாமரை, நீல அல்லி, அரலியா (ஈழத்தலரி) என்று தட்டில் வைத்து விற்பார்கள். பிள்ளைகள் முகர்ந்து பார்க்காமல் பார்த்துக்கொள், படைக்கிற பூவை முகரக்கூடாது என்பது அங்கேயும் முறை. தேங்காய் உடைப்பது, கற்பூரம் கொளுத்துவது எதுவும் இல்லை. விளக்கு ஏற்றுவதென்றால் வெளியில் அதற்கென்று தனி இடம் இருக்கிறது. பூவை மாடியில், பேழை அறைக்கு முன்னால் உள்ள நீண்ட மேசையில் வைக்கவேண்டும். மேசைக்கு முன்னால் நின்றால் அறைக்கதவு தூரத்தில்தான் தெரியும். கதவுக்கு நேரே போகிற வரிசை வேறு, பேழையைக் கிட்டப் பார்க்க அதில் நிற்கவேண்டும். முதலில் பூவை வைத்துவிட்டு அந்த வரிசையில் சேருங்கள். மாறிச் செய்தால் பூத்தட்டோடு சனத்துக்குள் நசிபடுவீர்கள்.

கீழே மேளக்காரர்களைப் பார்க்காமல் ஏறிவிடாதே. கெட்டபெர, தவுல், தம்மெட்டம், அதோடு நம்முடைய நாதஸ்வரத்தைவிடச் சின்னதாக, குரல் கூர்மையான ஹொரணை. தம்மெட்டம் என்பது ஒரு சோடி, வளைந்த இரண்டு குச்சியால் அடிப்பார்கள். மேளத்தில் கை உள்ள பெரியவன் அந்த இடத்தைவிட்டு அசையமாட்டான், பார்த்துக்கொள்.

பல்லின் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்ல நல்ல இடம் பின்னாலுள்ள புதிய மாளிகை. அங்கே சுவரில் வரிசையாகப் படங்கள் மாட்டியிருக்கிறார்கள். 4ஆம் நூற்றாண்டில் கலிங்கத்திலிருந்து இளவரசி ஹேமமாலை கூந்தலுக்குள் ஒளித்துக் கொண்டுவந்தது முதல் தொடங்கும். இதை வைத்திருக்கிறவன்தான் நாட்டுக்கு அரசன் என்ற எண்ணம் இருந்தபடியால் தலைநகரம் மாறும்போதெல்லாம் பல்லும் மாறியது. 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டியன் அனுப்பிய ஆரியச்சக்கரவர்த்தி அப்போதைய தலைநகரான யாப்பகூவையிலிருந்து அதை எடுத்துக்கொண்டுபோய்க் குலசேகர பாண்டியனிடம் கொடுக்க, மூன்றாம் பராக்கிரமபாகு நேரே போய்க் கேட்டு வாங்கி வந்தான். 1560இல் யாழ்ப்பாணத்தில் கைப்பற்றினோம், கோவாவில் பொடியாக்கினோம் என்று போர்த்துக்கேயர் எழுதி வைத்தார்கள். பௌத்தர்கள் அதை ஏற்பதில்லை, உண்மையான பல் தெல்கமுவையில் மறைத்து வைக்கப்பட்டிருந்தது என்பார்கள். அங்கிருந்து கண்டிக்குக் கொண்டுவந்தவன் முதலாம் விமலதர்மசூரியன். 1602இல் மட்டக்களப்பில் கப்பலால் இறங்கிய ஒல்லாந்தன் ஸ்பில்பேர்கன் காடு கடந்து போய்ச் சந்தித்த அரசனும் அவன்தான்.

இன்றைக்கும் ஒரு ஆள் நினைத்துப் பேழையைத் திறக்க முடியாது. மல்வத்தை மகாநாயக்க தேரர், அஸ்கிரிய மகாநாயக்க தேரர், தியவதன நிலமே என்ற மூன்று பேரும் சேரவேண்டும். முதல் இருவரும் கண்டியின் இரண்டு பெரிய விகாரைகளின் தலைமைப் பிக்குமார், மூன்றாமவர் மாளிகை நிர்வாகத்தைப் பார்க்கப் பத்து வருடத்துக்கு ஒருமுறை தெரிவாகிற இல்லறத்தவர். இப்படிப் பகிர்ந்து வைத்ததால்தான் இவ்வளவு காலம் காப்பாற்றினார்கள் என்பது என் எண்ணம்.

மாளிகை வளவிலேயே ராஜா என்ற கொம்பன் யானையைப் பாடம் செய்து வைத்திருக்கிற கட்டிடம் உண்டு, தவறவிடாதே. பேழையைப் பல பத்தாண்டுகள் சுமந்த யானை. 1986இல் தேசியச் சொத்தாக அறிவித்தார்கள், 1988 ஜூலையில் செத்தது. 1925ஐ ஒட்டி அதைப் பிடித்தது நம்முடைய ஏறாவூர்க் காட்டில்தான். பிடித்தவர்கள் ஏறாவூர்ப் பணிக்கர்மார். கண்டியில் அதைப் பார்த்துக் கும்பிடுகிறவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியுமோ. பக்கத்தில் சர்வதேச பௌத்த நூதனசாலையும் இருக்கிறது, பிள்ளைகள் களைத்திருந்தால் விட்டுவிடு.

வெளியே வந்ததும் வீதிக்கு அந்தப் பக்கம் பத்தினி தேவாலயம். பத்தினி என்பது நம்முடைய கண்ணகை அம்மன்தான். காரைதீவிலும் தம்பிலுவிலிலும் வைகாசிக் குளிர்த்திச் சடங்குக்குப் போன மருமகளுக்கு நான் விளக்கவேண்டியதில்லை. பெரஹராவில் நாத, விஷ்ணு, கதிர்காம, பத்தினி என்று நாலு தேவாலய ஊர்வலமும் சேர்ந்துதான் போகும். முதலில் அது தெய்வங்களின் ஊர்வலமாகத்தான் இருந்தது. தலதாவை முன்னுக்கு வைத்தது நாயக்கர் வழிவந்த கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் காலத்தில்.

திரும்பும்போது மாத்தளை, தம்புள்ளை, ஹபரணை வழியாகப் பொலன்னறுவைக்கு வாருங்கள். இதை நான் வற்புறுத்திச் சொல்கிறேன். கண்டிக்கு வருமுன் பல் இருந்த மாளிகைகளின் இடிபாடு அங்கே இருக்கிறது. முதலாம் விஜயபாகு பல்லுக்குக் கட்டிய அட்டதாகே மாளிகைக்குப் பக்கத்தில் ஒரு நெடிய கல், பெரும்பாலும் தமிழ். விஜயபாகு இறந்த பிறகு வேளைக்காரப் படையினர் வெட்டுவித்தது. தலதா மாளிகையைக் காக்கும் பொறுப்பை நாங்கள் ஏற்கிறோம், எங்கள் குலம் உள்ளவரை காப்போம் என்று தமிழ் பேசிய படை உறுதி சொன்ன கல். கண்டியில் பேழையைக் கண்டுவிட்டு வந்து இதைப் பார்த்தால்தான் முழுக்கதையும் பிடிபடும். எழுத்து தேய்ந்திருக்கிறது. காலைச் சாய்வெயிலில்தான் வெட்டுகள் தெரியும், உச்சி வெயிலில் வெறும் கல்.

ரிக்கெற்றைப் பொலன்னறுவை நூதனசாலையில் எடுக்கவேண்டும், நேரே இடிபாட்டு வாசலுக்குப் போனால் திருப்பி விடுவார்கள். அங்கேயும் சப்பாத்தும் தொப்பியும் கழற்றவேண்டும். பத்து மணிக்குப் பிறகு அந்தக் கல்தரையில் வெறுங்காலோடு நிற்கமுடியாது, பிள்ளைகளுக்குத் தடித்த காலுறை கொண்டுவா. மாளிகைக்குப் போன அடுத்த நாள் கண்டியை விடிய ஐந்துக்கு விட்டால் ஒன்பது மணிக்குள் வந்து சேரலாம். சாப்பிட்டுவிட்டு நாலு மணிக்குள் பொலன்னறுவையை விட்டுப் புறப்படுங்கள். மன்னம்பிட்டி, வெலிகந்தை, புணாணைப் பக்கம் பொழுது சாய்ந்தால் யானை வீதிக்கு ஏறும். சாரதி எவ்வளவு அவசரப்பட்டாலும் ஹோன் அடிக்கவும் லைற்றை மின்னவும் விடாதே.

அன்புடன்,
அப்பா