சுரண்டும் வேலையைப் பற்றியும் எழுதுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

பழைய வீட்டைப் புதுப்பிப்பது பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த பக்கத்தைப் படித்தேன். எந்த அறைக்கு எந்த நிறம், எந்தச் சுவருக்கு எந்த விளக்கு என்றெல்லாம் நன்றாகவே எழுதியிருந்தார்கள். புதுப் பெயிண்டுக்கு முன் செய்ய வேண்டிய வேலைக்கு மட்டும் ஒரே வரி: பழைய பெயிண்டை நன்றாகத் தேய்த்து எடுத்துவிட வேண்டுமாம். நான் பெயிண்டர். கதவு, ஜன்னல், கம்பி வேலைகளுக்கு எனாமல் அடிப்பதுதான் என் பிழைப்பு. அந்த ஒரு வரிக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

பழைய எனாமலில் ஈயம் (லெட்) என்ற விஷ உலோகம் இருக்க வாய்ப்பு அதிகம். மஞ்சள், ஆரஞ்சு, பச்சை போன்ற நிறங்களுக்கு ஈயக் குரோமேட் சேர்ப்பார்கள். சீக்கிரம் காய வேண்டும் என்பதற்கும் ஈயச் சேர்மம் கலப்பார்கள். இரும்புக் கம்பி துருப்பிடிக்காமல் இருக்க அந்தக் காலத்தில் அடித்த சிவப்பு பிரைமர் (பெயிண்டுக்கு முன் கொடுக்கும் அடிப்பூச்சு) ஈய ஆக்சைடு. இப்போது அடிக்கும் ரெட் ஆக்சைடு இரும்பு ஆக்சைடு, அது வேறு. ஆனால் காய்ந்து கிடக்கும் சிவப்பைப் பார்த்து இது எது என்று கண்ணால் சொல்ல முடியாது. சொல்கிறேன் என்று எவராவது வந்தால் நம்பாதீர்கள். அமெரிக்காவில் வீட்டுப் பெயிண்டில் ஈயத்தை 1978-லேயே தடை செய்துவிட்டார்கள். இந்தியாவில் பத்து லட்சம் பங்கில் 90 பங்குக்கு மேல் ஈயம் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதுவும் புதிதாகத் தயாராகும் பெயிண்டுக்குத்தான். கதவில் ஏற்கெனவே கோட்டு மேல் கோட்டாக ஏறியிருப்பது அப்படியேதான் இருக்கிறது.

அது உரியாமல், வெடிக்காமல் ஒட்டிக்கொண்டிருக்கும்வரை பெரிய ஆபத்து இல்லை. நாம் எமரித்தாளைக் கையில் எடுக்கும்போதுதான் வினை ஆரம்பிக்கிறது. உலர்ந்த பெயிண்டைத் தேய்த்தால் மாவை விட நைசான தூசி கிளம்பும். தரையில், ஜன்னல் விளிம்பில், பொம்மையில் எல்லாம் படியும். தவழும் குழந்தை கையை ஊன்றி அதே கையை வாயில் வைக்கும். விழுங்கிய ஈயத்தில் பெரியவர்கள் உடம்பில் சேருவதைப் போல நாலைந்து மடங்கு குழந்தை உடம்பில் சேரும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இரும்புச்சத்தோ கால்சியமோ குறைந்த குழந்தை என்றால் இன்னும் கூடும். மூளை வளரும் வயதில் ஏற்படும் சேதம் திரும்பச் சரியாவதில்லை. இதில் கொடுமை, பெரும்பாலும் வெளியே ஒன்றும் தெரியாது. ரத்தப் பரிசோதனையில்தான் பிடிபடும்.

இது இன்று நேற்றுத் தெரிந்த விஷயமும் இல்லை. ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் லாக்ஹார்ட் கிப்சன் என்ற கண் மருத்துவர், அங்கே குழந்தைகளுக்கு ஈய விஷம் ஏறுவதற்கு வீட்டு வராண்டாக் கம்பிகளிலும் சுவர்களிலும் இருந்த பெயிண்ட்தான் காரணம் என்று 1904-லேயே எழுதிவிட்டார். வெயிலில் பொடியான பெயிண்ட் விரல்களில் ஒட்டி வாய்க்குப் போயிருக்கிறது.

நான் எப்படி வேலை செய்கிறேன் என்று சொல்கிறேன். முதலில் அந்த அறையில் இருந்து திரைச்சீலை, பாய், மெத்தை எல்லாம் வெளியே போக வேண்டும். நகர்த்த முடியாத பீரோவை பிளாஸ்டிக் ஷீட்டால் மூடி ஓரங்களில் டேப் ஒட்டுவேன். தரைக்கும் ஷீட்தான், வாசலுக்கும் ஷீட்தான். ஃபேன், ஏசி நிறுத்தம். தண்ணீர் தெளித்து நனைத்த பிறகே சுரண்டுவேன், வாட்டர் பேப்பரில் தேய்ப்பேன். காயக் காய மறுபடி தெளிப்பேன். ஸ்விட்ச் போர்டு பக்கம் மட்டும் தண்ணீர் கொண்டுபோவதில்லை. நெருப்பு வைத்துப் பெயிண்டை உரிப்பது அறவே கிடையாது, ஈயம் புகையாகி நேராக மூச்சில் ஏறும். சூடான காற்றை ஊதும் ஹீட் கன்னைக் கூட 593 டிகிரி செல்சியஸுக்கு மேல் வைக்கக் கூடாது என்று அமெரிக்காவில் விதி இருக்கிறது. தூசியை உறிஞ்சிப் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டி இணைக்காத சாண்டிங் மெஷினுக்கும் அங்கே தடை. முகத்தில் கைக்குட்டை கட்டிக்கொள்வது நம் ஆட்களின் பழக்கம். இந்தத் தூசிக்கு அது கட்டாததற்குச் சமம். மிக நுண்ணிய தூசியையும் தடுக்கும் பி100 என்ற தர வடிகட்டி உள்ள மாஸ்க்தான் வேண்டும். முடிந்ததும் துடைப்பத்தால் பெருக்கக் கூடாது, எல்லாம் மறுபடி பறக்கும். ஷீட்டை உள்பக்கமாக மடித்துக் கட்டிவிட்டு, ஈரத்துணியால் துடைத்து, தண்ணீரை மாற்றி மறுபடி துடைக்க வேண்டும்.

இப்படிச் செய்தால் நாள் கூடும். அங்கேதான் தகராறு. பல வீட்டுக்காரர்களுக்கு மரம் தெரியும்வரை சுரண்டினால்தான் திருப்தி, அதுவும் வேகமாக. ஐயா, நன்றாகப் பிடித்திருக்கும் பழைய பெயிண்டை ஏன் எடுக்க வேண்டும்? மேலாக நனைத்துத் தேய்த்து, பிரைமர் கொடுத்து, அதன் மேலேயே அடிக்கலாம். உரியும் இடத்தையும், திறந்து மூடும்போது உரசும் ஜன்னல் சட்டம், கதவு விளிம்பு போன்ற இடங்களையும் மட்டும் கவனமாக எடுத்தால் போதும். உரசுகிற இடத்தில் என்ன அடித்தாலும் தேய்ந்து பொடியாகும் என்பதால் அந்தக் கதவையே மாற்றுவது சில சமயம் நல்லது. கழற்றிய பழைய கதவை மட்டும் தயவுசெய்து அடுப்புக்கோ குளிர்காயவோ எரிக்காதீர்கள். நான் பல இடங்களில் பார்க்கிற காட்சி அது, பார்த்தாலே எனக்குப் பகீர் என்கிறது.

அப்புறம், வேலை நடக்கும்போது குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அந்த அறைப் பக்கமே வரக் கூடாது; முடிந்தால் துடைத்து முடிக்கும்வரை வேறு வீட்டில் இருப்பது உத்தமம். தாயின் எலும்பில் பல வருடம் தங்கிய ஈயம் கர்ப்ப காலத்தில் ரத்தத்தில் இறங்கும், அதோடு புதிதும் சேர வேண்டாம். எங்கள் வீடுகளிலும் குழந்தைகள் இருக்கிறார்கள். நான் வேலைச் சட்டையை மாற்றி, முகம் கை கழுவிவிட்டுத்தான் கிளம்புவேன். அந்தச் சட்டை தனியாகத்தான் துவைபடும். கை கழுவத் தண்ணீரும் உடை மாற்ற ஒரு மறைவும் கொடுப்பது வீட்டுக்காரர் செய்யக்கூடிய உதவி. கேட்டால் முகம் சுளிக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

அடுத்த முறை இப்படி ஒரு பக்கம் போடும்போது நிறங்களுக்குக் கொடுக்கும் இடத்தில் பாதியையாவது இதற்குக் கொடுங்கள். கூலி பேசும்போதே, நனைத்துச் சுரண்டுவீர்களா, தரையை எதால் மூடுவீர்கள், குப்பையை எப்படி எடுத்துப் போவீர்கள் என்று வீட்டுக்காரர் கேட்க வேண்டும் என்றும் சேர்த்துப் போடுங்கள். அதற்கான நாளையும் கூலியையும் ஒப்புக்கொள்ள வேண்டும் என்பதையும் விட்டுவிடாதீர்கள்.

இப்படிக்கு,
ஒரு பெயிண்டர்