தோட்டத்து சந்தி கடைக்கு சாராய லைசனா?

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

தலவாக்கலை பக்கம் தேயிலைத் தோட்டத்து சந்தியில சின்ன பலசரக்குக் கடை வச்சிருக்கேன், அரிசி மா கருவாடு தான் யாவாரம். இப்ப பக்கத்து கடைக்காரர் சாராயம் விக்க லைசனுக்கு போட்டிருக்காராம். என்கிட்டயும் ரெண்டு பேர் வந்து "அண்ணே நீங்களும் போடுங்க, நல்ல காசு"ன்னு சொன்னாங்க. பொய் சொல்லல, ஒரு ராத்திரி யோசிச்சேன்.

மதுவரித் திணைக்களம் லைசன் குடுத்தா 21 வயசுக்கு கீழ விக்கக்கூடாது, போயாவுக்கு (பௌர்ணமி நாளைக்கு) பூட்டணும், எல்லாம் சட்டத்துல இருக்கு. ஆனா எங்க சந்தியில பெரிய பிள்ளைங்களும் தான் அப்பாவுக்கு சுருட்டு வாங்க வருதுங்க, நாளைக்கு கால் போத்தல் கேட்டா யாரு அடையாள அட்டை பாக்கப்போறா?

சம்பளத்தன்னைக்கு என் கடன் கொப்பியில பேர் வெட்டுறது பெரும்பாலும் பொம்பளைங்க தான். கொழுந்துக் கறை போகாத விரலால காசை எண்ணி வைப்பாங்க. பக்கத்துல சாராயக் கடை வந்தா அந்த காசு என் கடை வரைக்கும் வருமா தெரியல (இதுல என் சுயநலமும் இருக்கு, மறைக்கல).

லைசன் இல்லாட்டி கசிப்பு (கள்ளச் சாராயம்) தான் குடிப்பாங்கன்னு சொல்றவங்களும் இருக்காங்க, அதுவும் நியாயம் தான். ஆனா லைசன் குடுக்க முந்தி லயத்து (தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசை) ஆளுங்ககிட்ட, முக்கியமா பொம்பளைங்ககிட்ட, ஒரு வார்த்தை கேக்கச் சொல்லி எழுதுங்க ஐயா.

இப்படிக்கு,
ஒரு கடைக்காரன், தலவாக்கலை