அருங்காட்சியக வாசல்வரை சக்கர நாற்காலி செல்ல வழி கேட்டு நான்காவது மனு

அனுப்புநர்:
தல்லாகுளம் பகுதிவாசி, மதுரை.

பெறுநர்:
நடைபாதைப் பராமரிப்புக்குப் பொறுப்பான அதிகாரி அவர்கள், மதுரை.

பொருள்: தமுக்கம் காந்தி நினைவு அருங்காட்சியகத்துக்குச் செல்லும் நடைபாதையைச் சீரமைக்க வேண்டுதல் தொடர்பாக.

பார்வை: சென்ற ஆண்டு ஜூன், அக்டோபர் மற்றும் இவ்வாண்டு ஜனவரி மாதங்களில் நான் நேரில் அளித்த மனுக்கள்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். தமுக்கத்தைப் பற்றித் தங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மதுரை நகரம் வைகைக்குத் தெற்கே அடங்கியிருந்த நாளில், வடகரையில் ராணி மங்கம்மாள் கோடைக்கு வந்து தங்கிய மாளிகை அது. நவாபு காலத்தையும் கும்பினியார் காலத்தையும் கடந்து, 1959 ஏப்ரல் 15 அன்று நேரு திறந்துவைக்க, காந்தி அருங்காட்சியகம் ஆனது. அன்றைய கூட்டத்தில் தம் தந்தையின் தோளில் உட்கார்ந்து எட்டிப் பார்த்த ஆறு வயதுச் சிறுவன்தான் என் அப்பா. பிறகு ஆண்டுதோறும் ஜனவரி 30 அன்று அங்கே போய், சுடப்பட்ட நாளில் காந்தி உடுத்தியிருந்த இரத்தக் கறை படிந்த துணியின் முன் சற்று நேரம் நின்றுவிட்டு வருவார். பக்கவாதம் வந்த பிறகு நிற்க முடியாது. உட்கார்ந்தாவது பார்க்கிறேன் என்கிறார். அருங்காட்சியகத்தின் மீது எங்களுக்கு எந்தக் குறையும் இல்லை. வாசலுக்குப் போய்ச் சேருவதுதான் துன்பம்.

1. நடைபாதையில் ஏற ஓரிடத்திலும் சரிவு இல்லை. நாற்காலியைப் பின்பக்கமாகத் திருப்பி, இருவர் தூக்கித்தான் ஏற்ற வேண்டியிருக்கிறது.

2. ஏறிய பிறகும் வழி நெடுக இருசக்கர வாகனங்கள்.

3. வடிகாலை மூடிய கற்பலகை ஒன்று குறுக்கே உடைந்து, கை நுழையும் அகலத்துக்கு வாய் பிளந்து கிடக்கிறது. கம்பி வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. மூன்று மனுக்களிலும் எழுதியது இந்தப் பலகையைத்தான். கடந்த ஜனவரி 30 அன்று நாற்காலியின் முன்சக்கரம் அதில் இறங்கிச் சிக்கியது. நான் பிடிப்பதற்குள் அப்பா முன்பக்கமாகச் சரிந்துவிட்டார். வலது கை வராது, இடது கையை ஊன்றினார். உள்ளங்கைத் தோல் உரிந்து மண் ஒட்டியிருந்தது. அன்றைக்கென்று சலவை செய்து உடுத்திய வேட்டியில் சாக்கடை நீர். பழக்கடைக்காரர் ஓடிவந்து தூக்கினார். வாசல் கண்ணுக்குத் தெரிந்தது ஐயா, ஐம்பது அடி கூட இருக்காது. அப்பா அதைப் பார்க்கவே இல்லை. "வீட்டுக்குப் போயிடலாம்பா" என்றார். அதற்குப் பிறகு அருங்காட்சியகம் என்ற சொல்லையே அவர் எடுப்பதில்லை.

4. மறுநாளே படத்துடன் மூன்றாவது மனு கொடுத்தேன். "பார்க்கிறோம்" என்றார்கள். யார் பார்த்தார்கள்? எப்போது பார்த்தார்கள்? அழகர் வருகிறார் என்றால் தல்லாகுளம் சாலையில் ஒரே வாரத்தில் பள்ளம் மேடெல்லாம் நிரவப்படுவதை ஆண்டுதோறும் பார்க்கிறவர்கள் நாங்கள். சாமிக்குச் செய்ய முடிவதை மனிதனுக்குச் செய்ய ஒரு பலகை, ஒரு மூட்டை சிமெண்ட், அரை நாள் வேலை போதாதா? கட்டணம் இல்லாமல் எல்லோரும் பார்க்கலாம் என்று திறந்து வைத்திருக்கும் இடத்துக்கு, நடக்க முடியாதவர் மட்டும் ஏன் போகக்கூடாது?

கோபத்தில் எழுதிவிட்டேன், பொறுத்தருள வேண்டுகிறேன். 1921 செப்டம்பரில் காந்தி மேலாடையைத் துறந்து அரையாடைக்கு மாறியதும் இதே மதுரையில்தான். அந்த ஊர்க்காரர் ஒருவர் அவருடைய கடைசித் துணியை ஒருமுறை பார்க்க விரும்புகிறார்.

ஆகவே, அந்த உடைந்த பலகையை உடனே மாற்றித் தரவும், வாசலருகே சாய்தளம் ஒன்று அமைத்துத் தரவும் மிகவும் பணிந்து வேண்டுகிறேன். சாய்தளத்துக்கு நாளாகுமென்றால், பலகையை மட்டுமாவது மாற்றித் தாருங்கள் ஐயா. வருகிற ஜனவரி 30க்குள் மாற்றித் தாருங்கள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
தல்லாகுளம் பகுதிவாசி

இணைப்பு: முந்தைய மூன்று மனுக்களின் நகல்கள், உடைந்த பலகையின் புகைப்படம்.