மாரா புல்வெளிக்கு சொந்தக்காரங்க இருக்காங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன இதழ்ல வந்த, கென்யா நாட்டு மசாய் மாரா புல்வெளி பத்தின பயணக்கட்டுரை படிச்சேன், போட்டோ எல்லாம் ரொம்ப நல்லா இருந்துச்சு, ஆனா படிச்சு முடிச்சப்ப மனசு கேக்கல, ஏன்னா அத்தனை பக்கத்துலயும் சிங்கம் இருக்கு, சிறுத்தை இருக்கு, ஆத்தை தாண்டற வில்டபீஸ்ட்ங்கற காட்டு மிருகக் கூட்டம் இருக்கு, அங்க வாழற மசாய் ஜனங்க மட்டும் சிவப்பு போர்வையோட குதிச்சு ஆடற ஒரே ஒரு போட்டோல வந்துட்டு போறாங்க. "மனுஷன் கால் படாத பூமி"ன்னு வேற போட்டிருக்கீங்க. தலைமுறை தலைமுறையா மாடு மேய்ச்ச பூமி சார் அது. கட்டுரையாளர் தங்கினதா எழுதியிருக்கற நபோய்ஷோ பகுதி மொத்தமும் 500க்கு மேல மசாய் குடும்பங்களோட சொந்த நிலம், அரசாங்கம் நடத்தற ரிசர்வ், அதாவது மிருகக் காப்பகம், அதுக்கு பக்கத்துல தனியா இருக்கு.

என் தம்பி நைரோபில வேலை பாக்கறதால நாங்களும் அந்தப் பக்கம் போயிருக்கோம். எங்களுக்கு ஜீப் ஓட்டின கைடு ஒரு மசாய் பையன், அவங்க அப்பா நிலமும் கன்சர்வன்சில, அதாவது நிலக்காரங்க சேந்து மிருகத்துக்காக விட்டு வெச்ச பகுதில, சேந்திருக்கு, அவர் சொல்லித்தான் எனக்கு கணக்கு புரிஞ்சுது. முன்னாடி அந்த நிலம் எல்லாம் ஊர்ப் பொதுவா இருந்துச்சு, அப்புறம் குடும்பத்துக்கு இவ்வளவுன்னு பிரிச்சு பட்டா குடுத்துட்டாங்க. பிரிச்சதும் என்ன நடக்கும்? வேலி போடுவாங்க, கோதுமை விதைக்க வாடகைக்கு விடுவாங்க, மிருகத்துக்கு வழி அடைஞ்சுடும். அவங்களை எப்படி குத்தம் சொல்றது, வரிக்குதிரை உங்க புல்லை மேயுது, சிங்கம் உங்க கன்னுக்குட்டிய அடிக்குது, ஆனா அதை பாக்க வர்றவன் குடுக்கற காசுல உங்க வீட்டுக்கு பெருசா எதுவும் வர்றதில்லன்னா யார் பொறுத்துக்குவா? வேட்டைய 1977லயே கென்யா தடை பண்ணிடுச்சு, இருந்தும் 1977லேந்து 2016க்குள்ள அந்த நாட்டு மேய்ச்சல் பூமில காட்டு மிருகம் சராசரியா 68 சதவீதம் குறைஞ்சு போச்சுன்னு ஆராய்ச்சியாளர்கள் எழுதியிருக்காங்க. 2015 டிசம்பர்ல மாட்டை இழந்த கோவத்துல சிலர் செத்த மாட்டுல விஷம் வெச்சதுல, டிவில உலகம் பூரா பாத்த மார்ஷ் சிங்கக் கூட்டத்துலயே சில சிங்கம் செத்துச்சு.

இதுக்கு அவங்க கண்டுபிடிச்ச வழிதான் கன்சர்வன்சி. 2005ல ஓல் கின்யேய், 2010ல நபோய்ஷோன்னு ஆரம்பிச்சாங்க. பக்கத்து பக்கத்து நிலக்காரங்க ஒண்ணு சேந்து வேலி போட மாட்டோம்னு ஒப்பந்தம் போடறாங்க, டூரிஸ்ட் தங்கற கேம்ப் நடத்தறவங்க ஏக்கருக்கு இவ்வளவுன்னு மாசாமாசம் வாடகைய நேரா அவங்க பேங்க் கணக்குல போடணும், டூரிஸ்ட் வந்தாலும் வராட்டாலும். இத்தனை ஏக்கருக்கு ஒரு டென்ட்தான்னு கட்டுப்பாடும் இருக்கு. மாட்டையும் ஒரேயடியா விரட்டறதில்ல, முறை வெச்சு மேய்க்க விடறாங்க.

எல்லாம் சரியா இருக்குன்னு நான் சொல்லல. பட்டா பெரும்பாலும் ஆம்பளைங்க பேர்ல இருக்கறதால வாடகை பொம்பளைங்க கைக்கு வர்றது ரொம்ப கம்மி, இது எனக்கு பெரிய வருத்தம், 2005ல ஆரம்பிச்ச கொய்யாக்கி கைடு ஸ்கூல்ல பொண்ணுங்களும் படிச்சு வேலைக்கு வர்றாங்கங்கறது ஒரு ஆறுதல். 2020ல கொரோனா வந்து டூரிஸ்டே இல்லாம போனப்ப பல இடத்துல வாடகைய குறைச்சுதான் குடுக்க முடிஞ்சுது. மழை பொய்க்கற வருஷத்துல மேய்ச்சலுக்கு கட்டுப்பாடுன்னா அதுவும் கஷ்டம்தான். ஆனாலும் ஒப்பந்தத்துல கையெழுத்து போடறது அவங்க, ஒப்பந்த காலம் முடியறப்ப வேண்டாம்னா வெளிய வரவும் அவங்களால முடியும், எனக்கு அதுதான் முக்கியமா படுது.

ஏன்னா எல்லைக்கு அந்தாண்ட டான்சானியால அதே மசாய் ஜனம், அதே புல்வெளி, நடந்ததே வேற. செரங்கெட்டி தேசியப் பூங்காலேந்து 1959லயே அவங்களை வெளிய அனுப்பிட்டாங்க. 2022 ஜூன்ல லோலியோண்டோல 1,500 சதுர கிலோமீட்டரை மிருகத்துக்குன்னு ஒதுக்க போலீஸ் வந்து எல்லைக்கல் நட்டப்ப துப்பாக்கிச்சூடு நடந்து, காயம்பட்டவங்க எல்லை தாண்டி கென்யாவுக்கு ஓடி வைத்தியம் பாத்துக்கிட்டாங்க. அதுவும் வனப்பாதுகாப்புங்கற பேர்லதான் நடந்துச்சு. கென்யாலயே கூட வடக்க இசியோலோல ஜனங்கள சரியா கேக்காம ஆரம்பிச்ச ரெண்டு கன்சர்வன்சி செல்லாதுன்னு கோர்ட் 2025ல தீர்ப்பு குடுத்திருக்கு.

அதனால ஒரு வேண்டுகோள். அடுத்த தடவை இந்த மாதிரி கட்டுரை போடும்போது நிலம் யாரோடது, கேம்ப்காரங்க வாடகை குடுக்கறாங்களா, டூரிஸ்ட் கட்டற பணம் யாருக்கு போகுதுன்னு ஒரு பத்தியாவது சேருங்க. ரிசர்வ் நுழைவுக் கட்டணம் நரோக் மாவட்ட அரசுக்கு போகுது, கன்சர்வன்சி கட்டணம் தனி, இது இங்கேந்து பேக்கேஜ் புக் பண்றவங்களுக்கு தெரியறதில்ல. தெரிஞ்சா ஏஜென்ட்கிட்ட கேட்டுட்டு புக் பண்ணுவாங்க இல்லையா.

இப்படிக்கு,
ஒரு வாசகி, நாகர்கோவில்