மெசேஜில் நோயின் பெயர் இல்லை, ஆனாலும் தெரிந்துவிடுகிறது

ஆசிரியருக்கு,

தகவல் கசிவு பற்றிப் போன இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். அதில் சொன்ன பாஸ்வேர்டு, ஓடிபி, என்கிரிப்ஷன் (தகவலைப் பிறர் படிக்க முடியாதபடி மாற்றி வைப்பது) எல்லாம் சரி, ஆனால் தகவலைப் பார்க்க உரிமை உள்ள புரோகிராமே அதை வெளியே விட்டால் என்ன செய்வது? அதைப் பற்றி ஒரு வரி கூட இல்லையே.

நான் பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் கிளினிக்குகளுக்கு சாப்ட்வேர் எழுதித் தருகிறவன். இங்கே ஒரு லேபில் (பெயர் வேண்டாம்) ரத்தப் பரிசோதனை நார்மல் என்றால் ரிப்போர்ட் லிங்க் எஸ்எம்எஸ்ஸில் வரும், இல்லையென்றால் 'டாக்டரை நேரில் பார்க்கவும்' என்று மட்டும் வரும். தமிழில் அனுப்பினாலும் மலையாளத்தில் அனுப்பினாலும், வீட்டுக்கு ஒரே போன் வைத்திருக்கிற குடும்பத்தில் மருமகள் அதை எடுத்துப் படித்த நிமிஷமே மாமியாருக்கு என்னவோ இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். ஹேக்கர் யாரும் வரவில்லை, என்கிரிப்ஷனும் உடையவில்லை. ரகசியத்தை வைத்து ஒரு இஃப் ('இப்படி இருந்தால் இதைச் செய்' என்ற நிபந்தனை) போட்டு, வெளியே தெரிகிற வேலையை அதற்குள் செய்ததுதான் காரணம்.

இது புதுக் கண்டுபிடிப்பு இல்லை. கணினி விஞ்ஞானி டோரதி டென்னிங் 1976-லேயே இதை எழுதிவிட்டார், அடுத்த வருஷம் பீட்டர் டென்னிங்கும் அவரும் சேர்ந்து, புரோகிராமை ஓட்டுவதற்கு முன்பே கம்பைலர் (நாம் எழுதும் புரோகிராமைக் கம்ப்யூட்டர் ஓட்டும் வடிவத்துக்கு மாற்றுகிற மென்பொருள்) இதைச் சோதிக்கலாம் என்று காட்டினார்கள். ஒவ்வொரு வேரியபிளுக்கும் (புரோகிராமில் ஒரு மதிப்பை வைத்திருக்கும் பெயர்) ரகசியமா பொதுவா என்று ஒரு முத்திரை. ரகசியத்தைச் சோதிக்கிற இஃப்புக்குள் பொது வேரியபிளில் எதையாவது எழுதினால் கம்பைலர் ஏற்காது. ரகசியத்தை மாற்றினாலும் வெளியே இருப்பவன் பார்ப்பது மாறக்கூடாது என்ற இலக்கணத்தை 1982-ல் கோகன், மெசகர் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் தந்தார்கள், அந்த லேப் தோற்பது சரியாக இந்த இடத்தில்தான். 1999-ல் ஆண்ட்ரூ மையர்ஸ் என்ற ஆராய்ச்சியாளர் ஜாவா என்ற புரோகிராம் மொழியின் டைப்புகளிலேயே (எந்த வகைத் தகவல் என்று சொல்லும் குறிப்புகள்) இந்த முத்திரைகளைச் சேர்த்து ஜேஃப்ளோ என்ற மொழியைச் செய்தார், பின்னால் அது ஜிஃப் ஆனது. பெர்ல் என்ற மொழியில் உள்ள டெயின்ட் மோடு வேறு வகை, வெளியிலிருந்து வரும் நம்ப முடியாத தகவல் ஆபத்தான கட்டளைகளுக்குள் போகாமல் பார்ப்பது அது. ரூபி என்ற மொழியில் அந்த மாதிரி இருந்ததை யாரும் சரியாகப் பயன்படுத்தவில்லை என்று எடுத்தே விட்டார்கள்!

ஏன் பரவவில்லை என்றால், முழுக் கண்டிப்பு நடைமுறையில் ஓடாது. பாஸ்வேர்டு தப்பு என்று சொல்வதே ரகசியத்தில் ஒரு துளியை வெளியே விடுவதுதான், நோயாளிக்கு ரிப்போர்ட்டும் போயாக வேண்டும். எனவே எதை, யாருக்கு, எந்த வரியில் வெளியே விடுகிறோம் என்பதைப் புரோகிராமில் தெரியும்படி எழுத வேண்டும், அங்கங்கே இஃப்புகளில் ஒளிந்திருக்கக் கூடாது. கல்லூரிப் பாடத்தில் இதற்கு ஒரு வாரமாவது ஒதுக்கலாம்.

அந்த லேபில், எல்லோருக்கும் 'ரிப்போர்ட் தயார்' என்று ஒரே மெசேஜ், லிங்க்கைத் திறக்க பில்லில் உள்ள நம்பர், இப்படி மாற்றச் சொல்லியிருக்கிறேன். பில்லைத் தொலைத்தவர்கள் கவுன்ட்டருக்கு வந்து சண்டை போடுவார்களாம், அதனால் யோசிக்கிறார்கள்.

ஒரு வாசகர்,
கொழிஞ்சாம்பாறை