கரியர் இல்லாத சைக்கிளைக் கொடுக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வன்னி மாணவர்களுக்குத் துவிச்சக்கரவண்டி வழங்கும் நிகழ்வுகளின் படங்கள் உங்கள் பத்திரிகையில் அடிக்கடி வருகின்றன. கொடுப்பவர்களின் மனதுக்கு நன்றி. ஆனால் அண்மையில் வந்த படங்களில் நிற்கும் சைக்கிள்கள் பலவற்றில் கரியர், அதாவது பின்சில்லுக்கு மேல் பாரம் ஏற்றும் தட்டு, இல்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

மோட்டார் சைக்கிள் இல்லாத வீட்டில் பிள்ளையின் சைக்கிள்தான் முழுக் குடும்பத்துக்கும் வாகனம். நெல் ஆலைக்குப் போவதும் தண்ணீர்க் கான் வருவதும் காய்ச்சல்காரரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதும் அதில்தான். 2018 டிசம்பரில் கிளிநொச்சி, முல்லைத்தீவு ஊர்கள் வெள்ளத்துக்குள் நின்றபோதும், 2022இல் பெற்றோலுக்கு வரிசையில் காத்துக் கிடந்தபோதும் அதுவே கைகொடுத்தது. தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடையையும் 2009 வரையான இடப்பெயர்வுகளையும் கண்டவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. பற்றரி கிடைக்காத காலத்தில் சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட சனம் நாங்கள்.

ஆகவே சைக்கிள் வாங்கும்போதே மாரி மழைக்காலத்தை நினைத்து வாங்க வேண்டும். கியர் இல்லாத, இரும்புச் சட்டத்தில் செய்த பழைய மாதிரி 28 அங்குலச் சைக்கிள்தான் என் தெரிவு. அதன் முன்சில்லில் 32 கம்பி, பின்சில்லில் 40 கம்பி. பாரம் பின்னுக்கு விழும் என்று தெரிந்து செய்த கணக்கு அது. இரும்பு வெடித்தால் ஊர் வெல்டிங் கடையிலேயே ஒட்டலாம். கிரவல் வீதிக்கும் மணலுக்கும் அகல ரயர் போட்ட 26 அங்குலச் சைக்கிளும் நல்லதுதான். ஆனால் பின்பக்கம் ஸ்பிரிங் வைத்தது வேண்டாம், அதில் உறுதியான கரியர் பூட்ட முடியாது.

கரியரிலும் கவனம் வேண்டும். சீற் தண்டில் மட்டும் இறுக்கும் கரியர் பாரம் ஏறியதும் ஒரு பக்கம் சுழன்றுவிடும். இரண்டு பக்கமும் கால் இறங்கி, பின்சில்லின் அச்சோடு பூட்டுவதுதான் தாங்கும். அதோடு இரட்டைக்கால் ஸ்ராண்டும் வேண்டும், ஒற்றைக்கால் ஸ்ராண்டில் மூட்டையோடு நிறுத்தினால் சைக்கிள் சரிந்துவிடும். 20 லீற்றர் தண்ணீர் என்றால் 20 கிலோ. அதை ஒரே கானில் கரியருக்கு மேல் ஏற்றாமல் 10 லீற்றர்க் கான்கள் இரண்டாக்கி, பக்கத்துக்கு ஒன்றாகத் தாழ்வாகத் தொங்கவிட்டால் ஹாண்டில் ஆடாது. கட்டுவதற்குப் பழைய ரியூப்பை வாராக வெட்டியதைவிட நல்ல கயிறு இல்லை. முன்கூடையில் பொலித்தீனில் சுற்றிய ஆவணங்கள், மருந்து போன்ற பாரமில்லாதவை போதும்.

பாரம் கூடினால் ஏறி ஓடாமல் இறங்கித் தள்ளுங்கள். 1954இல் பிரெஞ்சுப் படைக்கு எதிரான தியன் பியன் பூ போரின்போது வியட்நாம் மக்கள் ஹாண்டிலில் ஒரு மூங்கில் தடியும் சீற் பக்கம் இன்னொரு தடியும் கட்டி, ஒரு சைக்கிளில் 200 கிலோவுக்கும் மேல் தள்ளிக்கொண்டு போனார்கள். வீட்டுச் சாமான் ஏற்றும்போது எங்களுக்கும் அந்த முறை உதவும்.

பம், சொலூசன் (ஒட்டுப் பசை), ஒட்டுத் துண்டு, பின்சில்லு நட்டுக்குரிய ஸ்பனர், ஒரு ரியூப் ஆகியவற்றை ஒரு பையில் போட்டு எப்போதும் சைக்கிளோடு வைத்திருங்கள். வால்வுக்குப் போடும் சின்ன ரப்பர் குழாயையும் சேர்த்து வையுங்கள். விலை மிகக் குறைவு, ஆனால் அது கிழிந்தால் நல்ல ரியூப்பும் காற்றுப் பிடிக்காது. உடைமுள் உள்ள பாதையென்றால் பழைய ரயரின் கம்பி விளிம்பை வெட்டி நீக்கிவிட்டு, ரயருக்குள் இன்னொரு படையாக வைக்கலாம்.

இரும்பு றிம் நனைந்தால் பிறேக் சரியாகப் பிடிக்காது. குளக்கட்டு இறக்கத்தில் பாரத்தோடு ஓடக்கூடாது. வீதியைக் கடந்து ஓடும் வெள்ளத்துக்குள் சைக்கிளை இறக்கவே கூடாது, முழங்காலுக்குக் கீழே ஓடும் தண்ணீரே ஆளை விழுத்தும். சில்லு வெள்ளத்தில் மூழ்கியிருந்தால் அச்சுக்குள் இருக்கும் பெயரிங் குண்டுகளைக் கழற்றித் துடைத்துப் புதிதாகக் கிறீஸ் போட வேண்டும்.

புலம்பெயர் உறவுகளிடமும் நலன்புரி அமைப்புகளிடமும் கேட்பது ஒன்றே. கியருக்குக் கொடுக்கும் காசைக் கரியருக்கும் ஸ்ராண்டுக்கும் பம்முக்கும் கொடுங்கள். கரியர் இல்லாமல் ஏற்கெனவே கொடுத்திருந்தால், அந்தந்த ஊர் வெல்டிங் கடைக்காரருடன் பேசி ஐப்பசி மழைக்கு முன் பூட்டிக் கொடுக்க ஒழுங்கு செய்யுங்கள்.

வாசகர்,
விசுவமடு.