குக்கீஸும் மக்ரூனும் இனி தனித்தனி டப்பாவில்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். கலவைப் பெட்டி வாங்குகிறவர்களுக்காக இந்த மடலை எழுதுகிறோம். இனிமேல் குக்கீஸையும் மக்ரூனையும் ஒரே டப்பாவில் அடைத்துத் தரப்போவதில்லை. இரண்டும் வேண்டும் என்று கேட்டால் இரண்டு டப்பாவாகத்தான் வரும்.

"எல்லாம் டீயோடு கடிக்கிற சமாச்சாரம்தானே, எதற்கு இந்தப் பாகப்பிரிவினை?" என்று சிலர் கேட்டுவிட்டார்கள். குக்கீஸில் மாவு உண்டு, மக்ரூனில் மாவு கிடையாது. பதில் அவ்வளவுதான். ஆனால் சர்க்கரையைக் குறைத்துச் செய்வீர்களா, முட்டை இல்லாமல் கிடைக்குமா, மக்ரூன் மட்டும் ஏன் தொட்டாலே நொறுங்குகிறது, கோதுமை ஒத்துக்கொள்ளாதவர்கள் சாப்பிடலாமா என்று நீங்கள் கேட்கும் எல்லாவற்றுக்கும் விடை அந்த மாவு விஷயத்தில்தான் இருக்கிறது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடுகிறோம்.

முதலில் குக்கீஸ். வெண்ணெயையும் சர்க்கரையையும் சேர்த்து நன்றாகக் குழைப்பதில் வேலை ஆரம்பிக்கிறது. சர்க்கரைப் பரல்களின் கூர்முனைகள் வெண்ணெய்க்குள் சின்னச் சின்னக் காற்றறைகளை உண்டாக்கும். அப்புறம் முட்டை, மைதா, ஒரு சிட்டிகை பேக்கிங் சோடா. ஓவனுக்குள் போனதும் முதலில் வெண்ணெய் உருகும், உருண்டை தட்டில் மெல்லப் பரவும். சூடு ஏற ஏற முட்டையின் புரதமும் மாவின் மாச்சத்தும் இறுகி, பரவியது பரவிய இடத்தில் நின்றுவிடும். அந்த உருண்டைகளைக் குளிர்பெட்டியில் வைத்து எடுத்துச் சுட்டால், வெண்ணெய் உருகத் தாமதமாகும். அதனால் குறைவாகப் பரவி, தடிமனாக வரும். வெள்ளைச் சர்க்கரை அதிகம் என்றால் மொறுமொறுப்பு, பழுப்புச் சர்க்கரை அதிகம் என்றால் நடுவில் மெத்தென்று இருக்கும். பழுப்புச் சர்க்கரை ஈரத்தை விடாமல் பிடித்துவைத்துக்கொள்வதுதான் காரணம்.

குக்கீஸ் நிறைய விட்டுக்கொடுக்கும். ஓட்ஸைச் சேர்க்கலாம், பருப்பு வகைகளைச் சேர்க்கலாம், சாக்லேட்டை உடைத்துப் போடலாம்; தாங்கிப் பிடிக்க மாவு இருக்கிறது. இன்று உலகமெங்கும் சாப்பிடும் சாக்லேட் சிப் குக்கீஸ் அப்படிப் பிறந்ததுதான். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் விட்மன் என்ற ஊரில் டோல் ஹவுஸ் விடுதியை நடத்திவந்த ரூத் வேக்ஃபீல்ட், 1930-களில் குக்கீஸ் மாவில் சாக்லேட் துண்டுகளைக் கலந்து சுட்டார். ஏதோ கைதவறி விழுந்து உருவானது என்று ஒரு கதை உலவுகிறது. எங்களுக்கு அதில் நம்பிக்கை இல்லை. அந்த அம்மா மனையியல் படித்தவர், சமையல் புத்தகம் எழுதியவர். தெரிந்தே செய்திருப்பார்.

மக்ரூன் அடியோடு வேறு. இதில் எதையும் பிடித்து நிறுத்த மாவு இல்லை. இருப்பது முட்டையின் வெள்ளைக்கரு, சர்க்கரை, பொடித்த பாதாம் அல்லது உலர்ந்த தேங்காய்த் துருவல். வெள்ளைக்கருவில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு தண்ணீர். மிச்சம் பெரும்பாலும் புரதம். அதை அடிக்க அடிக்க, சுருண்டு கிடக்கும் புரத இழைகள் பிரிந்து, உள்ளே வரும் காற்றுக் குமிழ்களைச் சுற்றிக்கொள்ளும். அதுதான் நுரை. வெறும் நுரையை அப்படியே விட்டால் கொஞ்ச நேரத்தில் தண்ணீர் பிரிந்து அடங்கிவிடும். சர்க்கரை சேரும்போது அந்தத் தண்ணீர் கெட்டிப்பாகாக மாறுகிறது. நீர் வடிவது தாமதப்படும், குமிழ்களின் சுவரும் உறுதிப்படும். பிறகு பாதாம் பொடியை நுரை உடையாமல் பதமாகக் கலந்து, மிதமான சூட்டில் வைக்கிறோம். இந்த வகையைச் சுடுகிறோம் என்பதைவிட உலர்த்துகிறோம் என்பதே பொருந்தும். கடைசியில் உங்கள் கையில் இருப்பது இறுகிய நுரை. தொட்டால் நொறுங்காமல் என்ன செய்யும்?

இந்த நுரைக்குக் கொழுப்பு ஆகவே ஆகாது. பாத்திரத்தில் துளி எண்ணெய்ப் பிசுக்கு இருந்தாலும், மஞ்சள் கரு கொஞ்சம் கலந்துவிட்டாலும், எவ்வளவு அடித்தாலும் சரியாகப் பொங்காது. குக்கீஸோ வெண்ணெயில் பிறந்த பண்டம். அதனால் எங்கள் அடுக்களையில் மக்ரூனுக்கென்று தனிப் பாத்திரம், தனித் துடுப்பு. பிரித்தெடுத்த மஞ்சள் கருவை வீணாக்குவதில்லை, அது குக்கீஸ் மாவுக்குப் போகிறது. எங்கள் வெண்ணெய்க் குக்கீஸ் வாயில் கரைகிறது என்று சொல்கிறீர்களே, அதற்கு இதுவும் ஒரு காரணம்.

மக்ரூன் என்ற பெயரில் உலகத்தில் பல பண்டங்கள் உலவுகின்றன என்பதையும் சொல்ல வேண்டும். பழையது பாதாம் மக்ரூன். இத்தாலியப் பக்கத்திலிருந்து பிரான்ஸுக்குப் போனது என்பார்கள். பிரெஞ்சுப் புரட்சியின்போது மடங்கள் கலைக்கப்பட்டதும், நான்சி நகரில் இரண்டு கன்னிகாஸ்திரிகள் பிழைப்புக்காக இதைச் சுட்டு விற்றார்கள். அந்த ஊர் மக்ரூனுக்கு இன்றும் தனிப் பேர். அது ஒற்றை வில்லைதான், மேலே வெடித்த மாதிரி கோடுகளோடு இருக்கும். வண்ண வண்ணமாக இரண்டு ஓடுகளை ஒட்டி நடுவில் கிரீம் வைத்து வருகிறதே, அது பாரிஸ் பாணி, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பரவியது. அதை மக்கரோன் என்று தனியாகக் குறிப்பிடுகிறோம், எங்கள் பட்டியலிலும் அப்படியே இருக்கும்.

தேங்காய் மக்ரூனின் கதை எங்களுக்குப் பிடித்தது. அமெரிக்காவில் பிலடெல்பியாவைச் சேர்ந்த ஃபிராங்க்ளின் பேக்கர் என்ற மாவு வியாபாரிக்கு, 1890-களில் கியூபாவிலிருந்து சரக்குப் பாக்கிக்குப் பதிலாகக் கப்பல் நிறையத் தேங்காய் வந்து சேர்ந்தது. மனிதர் அதைத் துருவி உலர்த்தி விற்கும் தொழிலில் இறங்கிவிட்டார். உலர்ந்த துருவல் கடைகளில் தாராளமாகக் கிடைக்கத் தொடங்கியதும் தேங்காய் மக்ரூனும் பெருகியது. மாவே சேராத பண்டம் பரவ ஒரு மாவு வியாபாரி கைகொடுத்திருக்கிறார்! யூதர்களின் பாஸ்கா பண்டிகை நாட்களில் புளித்த மாவுப் பண்டம் எதையும் சாப்பிட மாட்டார்கள். மாவும் இல்லை, ஈஸ்டும் இல்லை என்பதால் மக்ரூன் அவர்கள் வீடுகளில் நிலைத்த இடத்தைப் பிடித்துவிட்டது. ஸ்காட்லாந்துக்காரர்கள் இன்னும் ஒருபடி மேலே போய், வேகவைத்து மசித்த உருளைக்கிழங்கில் சர்க்கரைப் பொடியைப் பிசைந்து, சாக்லேட்டில் தோய்த்து, தேங்காயில் புரட்டி அதையும் மக்ரூன் என்கிறார்கள். அதில் முட்டையும் இல்லை, நுரையும் இல்லை. அந்த வம்புக்கு நாங்கள் போகவில்லை.

எங்கள் தேங்காய் மக்ரூனில் வெள்ளைக்கருவை நுரைக்க அடிப்பதில்லை. துருவல், சர்க்கரை, வெள்ளைக்கரு மூன்றையும் கலந்து குவித்து வைத்துச் சுடுகிறோம். அதனால்தான் வெளியே பொன்னிறமாக மொறுமொறுவென்றும் உள்ளே ஈரமாகவும் இருக்கிறது. பாதாம் மக்ரூன் உள்வரை உலர்ந்திருக்கும்.

இப்போது உங்கள் கேள்விகள். சர்க்கரையைக் குறைத்துத் தர முடியுமா? குக்கீஸில் ஓரளவு முடியும். நிறமும் மொறுமொறுப்பும் சற்றுக் குறையும், அவ்வளவுதான். பாதாம் மக்ரூனில் முடியாது. வீட்டின் தூணை உருவிவிட்டுக் கூரை நிற்க வேண்டும் என்பது போல ஆகிவிடும். அங்கே சர்க்கரை இனிப்புக்கு மட்டும் இல்லை. இனிப்பைக் குறைக்க நினைக்கிறவர்களுக்கு நாங்கள் சொல்வது, மக்ரூனை விட்டுவிட்டு ஓட்ஸ் குக்கீஸை எடுங்கள்.

முட்டை இல்லாமல்? குக்கீஸ் தாராளமாக. எங்களிடம் இப்போதே இருக்கிறது. மக்ரூனுக்கும் வழி இல்லாமல் இல்லை. கொண்டைக்கடலை வேகவைத்த தண்ணீரை அடித்தால் வெள்ளைக்கரு மாதிரியே நுரைக்கும் என்பதை பிரான்ஸைச் சேர்ந்த ஜோயல் ரோசெல் 2014-இல் காட்டினார். அடுத்த ஆண்டே அமெரிக்காவில் கூஸ் வோல்ட் என்பவர், அந்தத் தண்ணீரும் சர்க்கரையும் மட்டும் இருந்தால் போதும், நுரையை உலர்த்தி எடுக்கலாம் என்று செய்து காட்ட, அது உலகமெங்கும் பரவியது. நாங்களும் செய்து பார்க்கிறோம். நுரை வருகிறது, ஆனால் ஒருநாள் வருவதுபோல் மறுநாள் வருவதில்லை. நிலையாக வரும்வரை விற்பனைக்கு வைக்க மாட்டோம்.

கோதுமை ஒத்துக்கொள்ளாதவர்களுக்குக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறோம். மக்ரூனில் மைதா சேர்ப்பதில்லை என்பது உண்மை. ஆனால் அதே கூடத்தில்தான் குக்கீஸ் மாவும் பிசைகிறோம், மைதா காற்றில் பறக்கும், மேசையில் படியும். பாத்திரம் தனியாக இருப்பதால் மட்டும் இதைத் தடுத்துவிட முடியாது. அதனால் மக்ரூன் டப்பாவில் 'குளூட்டன் (கோதுமையில் உள்ள புரதம்) இல்லாதது' என்று நாங்கள் அச்சிடுவதில்லை. குளூட்டனால் குடல் பாதிக்கப்படும் சீலியாக் நோய் உள்ளவர்கள் தயவுசெய்து வாங்க வேண்டாம். பாதாம் போன்ற கொட்டைகள் ஆகாதவர்கள் குக்கீஸ் வாங்கும்போதும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

சரி, டப்பா விஷயத்துக்கு வருவோம். மூடிய டப்பாவுக்குள் ஈரம் சும்மா இருக்காது. ஈரம் அதிகமுள்ள பண்டத்திலிருந்து வெளியேறி, உலர்ந்த பண்டத்துக்குள் போய்ச் சேரும். தேங்காய் மக்ரூனோடு மொறுமொறு குக்கீஸை அடைத்தால், ஓரிரு நாளில் குக்கீஸ் நமுத்துவிடும், மக்ரூன் காய்ந்து ரப்பர் மாதிரி இழுக்கும். பாதாம் மக்ரூனை மெத்தென்ற குக்கீஸோடு வைத்தால் தலைகீழாக நடக்கும். மக்ரூன் பிசுபிசுத்துக் கையில் ஒட்டும். சர்க்கரை மிகுந்த பண்டம் ஈரத்தை உறிஞ்சுவதில் கெட்டிக்காரத்தனம் காட்டும். டப்பா எவ்வளவு இறுக்கமாக மூடினாலும் இதற்கு மருந்து இல்லை, ஏனென்றால் ஈரம் வெளியிலிருந்து வருவதில்லை, உள்ளேயேதான் இடம் மாறுகிறது.

வீட்டில் வைக்கும் முறையும் அதனால் வேறு வேறு. குக்கீஸைக் காற்றுப் புகாத டப்பாவில் வெளியிலேயே வையுங்கள். மொறுமொறு வகை நமுத்துப்போனால், 150 டிகிரி ஓவனில் சில நிமிடம் வைத்து, வெளியே எடுத்து முழுக்க ஆறவிடுங்கள். மொறுமொறுப்பு ஆறும்போதுதான் திரும்பும், சூட்டோடு கடித்துப் பார்த்து ஏமாற வேண்டாம். பாதாம் மக்ரூனைக் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைக்காதீர்கள். வெளியே எடுத்ததும் மேலே வியர்த்து ஒட்டிக்கொள்ளும். கிரீம் வைத்த மக்கரோனுக்கு மட்டும் இது பொருந்தாது, அதைக் குளிரில்தான் வைக்க வேண்டும். செய்த அன்றைக்கே தின்பதைவிட ஒருநாள் குளிரில் இருந்த மக்கரோன் ருசி கூடுதல். கிரீமின் ஈரம் ஓட்டுக்குள் இறங்கி உள்பக்கம் மிருதுவாகும். சாப்பிடுவதற்கு அரைமணி நேரம் முன்னால், டப்பாவைத் திறக்காமல் வெளியே எடுத்து வைத்துவிடுங்கள்.

அடைமழை நாளில் மக்கரோன் கேட்டு இல்லை என்று சொன்னால் கோபித்துக்கொள்ளாதீர்கள். பிழிந்த கலவை ஓவனுக்குப் போகும் முன் மேலே மெல்லிய தோல் கட்ட வேண்டும். அப்போதுதான் ஆவி மேல்பக்கம் உடைக்காமல் அடிப்பக்கமாகத் தள்ளி, அந்தப் பாதம் போன்ற விளிம்பு எழும்பும். காற்றில் ஈரம் அதிகமானால் அந்தத் தோல் லேசில் கட்டாது, ஓடு விரிசல் விட்டுவிடும். அன்றைக்குக் குக்கீஸ்தான்.

கலவைப் பெட்டிக்கு ஏற்கெனவே சொல்லிவைத்திருப்பவர்களுக்கு இரண்டு டப்பாவாகப் பிரித்து அனுப்புகிறோம். எண்ணிக்கை குறையாது, டப்பாவுக்குத் தனியாகக் காசும் வாங்க மாட்டோம். எந்த டப்பாவில் எது, எத்தனை நாளுக்குள் சாப்பிட வேண்டும், முட்டை, பால், கோதுமை, கொட்டை வகைகளில் எது எது சேர்ந்திருக்கிறது என்பதெல்லாம் மூடியின் மேல் ஒட்டியிருக்கும். பரிசாகக் கொடுக்க ஒரே பெட்டிதான் வேண்டும் என்றால், இரண்டு டப்பாவையும் ஒரு வெளிப்பெட்டிக்குள் வைத்துத் தருகிறோம். வாங்கும்போதே சொல்லிவிடுங்கள், கட்ட வசதியாக இருக்கும்.

அன்புடன்,
பேக்கரி அடுக்களைக்காரர்கள்